யாழ்ப்பாணப் பட்டினத்தின் நூற்செல்வம்

பழைய நகரமொன்றைக் காணச் செல்வோர் அங்கே முதலில் எவற்றைக் கேட்டறிவர்? கோட்டை எங்கே, கோயில் எங்கே, கடற்கரை எங்கே என்றுதான் கேட்பர். யாழ்ப்பாணத்துக்கு வருவோரும் அவ்வாறே ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கின்றனர், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை வணங்குகின்றனர், வெண்ணிறமாய் எழுந்து நிற்கும் பொதுசன நூலகத்தின் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர், மாலையிலே திரும்பிவிடுகின்றனர்.

சில காலத்துக்கு முன், வெளிமாவட்டப் பாடசாலையொன்றின் தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு எங்கள் பாடசாலைக்கு வந்தார். "அதிபர் ஐயா, யாழ்ப்பாணம் கல்விக்குப் பேர்போன இடம் என்று வகுப்பிலே படிப்பிக்கிறோம். அந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணாலே காட்டமுடியுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். கேள்வி எளியது; விடை எளிதன்று. நான் ஒரு கடதாசித் துண்டை எடுத்து, நல்லூர், வண்ணார்பண்ணை, மானிப்பாயும் வட்டுக்கோட்டையும், சுன்னாகம், ஈற்றிலே பொதுசன நூலகம் என ஐந்து வரிகள் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சென்றபின் அக்கடதாசியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய ஐந்தில் நான்கு வரிகளுக்கு இன்று கண்ணாற் காட்டத்தக்கதாகப் பெரிதும் ஒன்றில்லை. ஐந்தாவது வரியில் உள்ளதோ, எரிந்து மீண்டும் எழுந்த கட்டடம். அங்ஙனமாயின் இவ்வூரின் நூற்செல்வம் எங்கே இருந்தது? அதில் எது அழிந்தது, எது எஞ்சியது? எஞ்சியது எதனால் எஞ்சியது? இவ்வினாக்களையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன். அந்த ஐந்து இடங்களுக்கும் வரிசையாக என்னோடு வாருங்கள்.

முதலாவது நல்லூர். இது யாழ்ப்பாண அரசரின் தலைநகராய் விளங்கிய ஊர். செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களைச் சூடி ஆண்ட அவ்வரசர்கள் புலவரையும் வைத்தியரையும் சோதிடரையும் ஆதரித்தனர். அவர்தம் பெயராலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும் எழுந்தன. அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி என்பார் காளிதாச மகாகவியின் காவியத்தைத் தழுவி இரகுவமிசத்தைத் தமிழிலே பாடினார். அந்நாளில் நல்லூரிலே 'சரசுவதி மகாலயம்' என்னும் பெயரால் ஒரு பெரிய ஏட்டுச்சாலை இருந்ததென்றும், அது பகைவர் படையெடுப்பில் எரியுண்டதென்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அதன் கல்லொன்றேனும் இன்று நமக்குக் கிடைத்திலது. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அரசர் காலத்து நினைவாக இன்று நல்லூரிலே சங்கிலித்தோப்பு வாயில்வளைவையும் யமுனா ஏரி என்னும் கேணியையும் காட்டுவர். ஏட்டுச்சாலையைக் காட்டுவார் ஒருவருமில்லை.

ஆனால் நேயர்களே, அரண்மனை அழிந்தும் பரராசசேகரம் அழியவில்லை. இதன் காரணத்தை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். அது வைத்திய நூலாதலின் ஊர்தோறும் இருந்த பரியாரிமாருக்கு அன்றாடம் வேண்டியதாயிற்று. தகப்பன் ஏட்டை மகன் படியெடுத்தான். குருவின் ஏட்டை மாணாக்கன் படியெடுத்தான். அரசன் நூல் குடியானவன் வீட்டுக்குப் போயிற்று. ஆகவே அரசு போனபின்பும் நூல் இருந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை வைத்தியர் ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் அவ்வாறு சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து அதனை அச்சிலே கொணர்ந்தார்கள்.

இங்கே ஏட்டைப் பற்றிச் சிறிது சொல்லுதல் பொருந்தும். நம் பிள்ளைகளுட் பலர் ஓர் ஏட்டைக் கையால் தொட்டறியார். மிக இளையதும் மிக முற்றியதும் அல்லாத பனையோலையைத் தெரிந்து, நீரிலிட்டு அவித்து, உலர்த்தி, மினுக்கி, ஓரளவாக நறுக்குவர். எழுத்தாணியாற் கீறியபின் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் எழுத்துக் கறுத்துத் தோன்றும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துக் கட்டினால் அது நூல். நம்முடைய வெக்கையும் மாரிக்காலத்து ஈரமும் அதற்குப் பகை; கறையானும் இராமபாணப் பூச்சியும் பெரும்பகை. எவ்வளவு பேணினும் ஏடொன்றின் ஆயுள் சில நூற்றாண்டுக்கு மேற்படாது. ஆதலின் ஏட்டை வைத்திருத்தல் வேறு, நூலைக் காத்தல் வேறு. ஏடு முரியுமுன் இன்னொருவர் அதைப் பார்த்து எழுதினால் நூல் பிழைக்கும், எழுதாவிடின் இறக்கும். என் பேரனார் வீட்டிலும் அத்தகைய ஏட்டுக்கட்டு ஒன்று இருந்தது. அதன் கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

இரண்டாவது வண்ணார்பண்ணை. நல்லூரிலிருந்து மேற்கே நடந்து போகக்கூடிய தூரந்தான். பதினெட்டாம் நூற்றாண்டிலே, ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்து இங்கே தங்கிய கூழங்கைத் தம்பிரான் என்னும் துறவியார் பலருக்குத் தமிழ் கற்பித்தார். நன்னூலுக்கு ஓர் உரையும் செய்தார். அவ்வுரை நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்தது. அது 1980ஆம் ஆண்டிலே செருமனி நாட்டில் ஆராய்ச்சிப் பதிப்பாக அச்சேறியது. வண்ணார்பண்ணையில் எழுந்த இலக்கணவுரை செருமனியிலே நூலுருப் பெறுவதாயின், அதன் படியொன்று எத்தனை கை மாறியிருத்தல் வேண்டும்!

ஆயினும் வண்ணார்பண்ணை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் ஆறுமுக நாவலரேயாவர். 1822ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்த நாவலர், தாம் கற்ற ஆங்கிலப் பாடசாலையிலேயே ஆசிரியராகவும் இருந்து, பார்சிவல் பாதிரியார் கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியபொழுது அவருக்கு உதவிபுரிந்தார். அச்சுப்பொறியின் ஆற்றலை அவர் மிசனாரிமாரிடத்தே கண்டறிந்தார் என்று கொள்ளலாம். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை உண்டு, பாடப்புத்தகம் இல்லை. அடுத்த ஆண்டிலேயே சென்னைக்குச் சென்று அச்சுப்பொறியொன்று வாங்கினார். சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் உரையோடு அச்சிட்டார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. பொறி கடல் கடந்து வண்ணார்பண்ணைக்கு வந்தது.

அதன்பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். பாலபாடங்கள், இலக்கணச் சுருக்கம், பெரியபுராண வசனம் எனச் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் வேண்டிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. செய்யுளைச் சீர்பிரித்து, சந்தி விலக்கி, நிறுத்தக்குறியிட்டு, சாதாரண கல்வியுடையாரும் வாசிக்கத்தக்க வகையில் அவர் பதிப்பித்தார். அதுவரை வித்துவான் ஒருவரின் பெட்டகத்திலே கிடந்த நூல், கடைத்தெருவிலே விலைக்குக் கிடைப்பதாயிற்று.

நாவலரை அடுத்து வைத்து எண்ணத்தக்கவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1868ஆம் ஆண்டிலே நாவலர் பரிசோதிக்க, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் வெளியிட்டார். பின்னர் வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி என அரிய நூல்கள் அவர் கையால் அச்சேறின. ஏடு தேடி ஊரூராய் அலைந்ததையும், கண்ட ஏடுகள் தொட்டவிடத்தே ஒடிந்து உதிர்ந்ததையும் அவர் தம் பதிப்புரைகளில் மிகுந்த மனவருத்தத்தோடு எழுதியுள்ளார். அவர் உத்தியோகம் பார்த்தது தமிழகத்திலே, பதிப்பித்ததும் அங்கேயே. எனினும் சிறுப்பிட்டியிலே பிறந்து வட்டுக்கோட்டையிலே கற்ற ஒருவர், தமிழ்நாடு முழுவதற்கும் உரிய நூல்களை அழிவினின்றும் மீட்டார் என்பது இப்பட்டினத்துக்குப் பெருமையன்றோ?

வட்டுக்கோட்டையிலே கற்றார் என்றேன். ஆகவே இனி மூன்றாவது வரிக்கு வருவோம். பட்டினத்தைவிட்டு வடமேற்கே வயல்களினூடே சென்றால் மானிப்பாயும் அதற்கு அப்பால் வட்டுக்கோட்டையும் வரும். அமெரிக்க மிசனாரிமார் 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்லூரியொன்றை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி என்று பெயர்பெற்ற அக்கல்லூரியிலே கணிதமும் வானசாத்திரமும் மெய்ந்நூலும் தமிழிலக்கணமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அது 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1857ஆம் ஆண்டிலே, சென்னைச் சர்வகலாசாலை முதன்முறையாக நடத்திய பீ. ஏ. பரீட்சையிலே சித்தியெய்திய இருவர் தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் அச்செமினரியில் கற்றவர்களே.

மானிப்பாயின் பெருமை அதன் அச்சுக்கூடம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அச்சுவேலைக்காரர் ஒருவர் 1820ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அக்காலத்து ஆங்கில அரசாங்கம் அவர் இங்கே தங்குவதற்கு அனுமதி மறுத்து, வெளியேறுமாறு பணித்தது. துப்பாக்கியும் பீரங்கியும் உடைய அரசு ஓர் அச்சுவேலைக்காரருக்கு இடங்கொடுக்கத் தயங்கியது என்பது சிந்திக்கத்தக்கது. பதினான்கு ஆண்டு சென்றபின்னரே மானிப்பாயில் மிசன் அச்சுக்கூடம் தொழிற்பட்டது. 1841ஆம் ஆண்டிலே உதயதாரகை என்னும் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அங்கிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே மானிப்பாய் அகராதி வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் வழங்கும் அந்நூலிலே ஏறக்குறைய 58,000 சொற்கள் இடம்பெற்றன. சந்திரசேகர பண்டிதர் முதலிய உள்ளூர்ப் புலவர்களின் உழைப்பு அதனுள் அடங்கியிருக்கின்றது. நைற் பாதிரியார் தொடங்கிப் பலர் கைமாறி வின்சிலோ பாதிரியாரால் நிறைவுற்ற தமிழ் ஆங்கிலப் பேரகராதி 1862ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாயிற்று. அதற்கும் வித்து இடப்பட்டது யாழ்ப்பாணத்திலேயே.

மானிப்பாயிலே இன்னொருவரையும் நாம் மறத்தலாகாது. 1847ஆம் ஆண்டிலே வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், உள்ளூர் இளைஞர்க்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலே நூல்களைத் தமிழாக்கியும் தமிழாக்குவித்தும் அச்சேற்றினார். தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று பிற்காலத்தில் நாம் நெடுநாள் வாதாடினோம். அதற்குரிய விடை மானிப்பாயிலே அதற்கு நூறாண்டு முன்னரே அச்சிலே இருந்தது.

நாவலரும் மிசனாரிமாரும் சமயத்துறையிலே எதிரெதிர் நின்றவர்கள். ஒருவரையொருவர் மறுத்துக் கண்டன நூல்கள் பல எழுதினர். அவ்வாதங்களின் வெற்றி தோல்வியை ஆராய்வது இன்று நம் வேலையன்று. ஆனால் அப்போட்டியினால் ஊருக்கு ஒரு நன்மை விளைந்தது. இரு பகுதியாரும் பாடசாலை வைத்தனர். இரு பகுதியாரும் அச்சுக்கூடம் வைத்தனர். வாசிக்கத் தெரிந்தவர் தொகை பெருகிற்று. இத்தகைய ஊரிலேதான், மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902ஆம் ஆண்டிலே தமிழின் முதற் கலைக்களஞ்சியம் எனப் போற்றப்படும் அபிதானகோசத்தை வெளியிட்டார்கள்.

நான்காவது சுன்னாகம். பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சென்றால் சந்தைக்குப் பேர்பெற்ற இவ்வூரை அடையலாம். வாழைக்குலையும் வெங்காயமும் குவியும் சந்தைக்கு அணித்தாக ஓர் இலக்கண உலகமும் இருந்தது என்றால் புதியவர்கள் வியப்பர். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் இவ்வூரினர். நா. பொன்னையா என்னும் பெரியார் இங்கிருந்தே ஈழகேசரி என்னும் பத்திரிகையை 1930ஆம் ஆண்டிலே தொடங்கினார். அது 1958ஆம் ஆண்டு வரை நடந்தது. ஈழத்துச் சிறுகதைக்குத் தொட்டிலாய் இருந்தது என்று அதனைச் சொல்லுவர். அதே பொன்னையா அவர்கள் புன்னாலைக்கட்டுவன் மகாவித்துவான் சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை 1937ஆம் ஆண்டு முதலாகப் பகுதி பகுதியாக அச்சிட்டார். விற்பனையாகும் கதையும் விற்பனையாகாத இலக்கணமும் ஓர் அச்சுக்கூடத்திலிருந்தே வந்தன. கதை வாசித்தவன் கொடுத்த காசு தொல்காப்பியத்தையும் தாங்கியிருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

பத்திரிகைகள் பெருகவே வாசிகசாலைகளும் பெருகின. சந்தியிலே ஒரு கொட்டில், ஒரு மேசை, இரண்டு வாங்கு, நான்கு பத்திரிகை. அதுவே வாசிகசாலை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சுற்றியிருந்து கேட்பர். கோயில்களிலே புராணபடனத்தின்போது ஒருவர் செய்யுளை வாசிக்க ஒருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்ட வழக்கமே இங்கும் தொடர்ந்தது என்று கொள்ளலாம்.

ஐந்தாவது இடம், பொதுசன நூலகம். இதன் தொடக்கத்தைப் பலர் அறியார். 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் பெரியார், தம் வீட்டிலே இருந்த நூல்களைப் பிறருக்கு இரவலாகக் கொடுத்ததே அதன் தொடக்கம். அவர் பெருஞ் செல்வரல்லர். நீதிமன்றத்திலே சக்கடத்தாராய் இருந்தவர். அடுத்த ஆண்டிலே அன்பர் பலர் சேர்ந்து ஆசுபத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து 844 நூல்களோடு அதனை நடத்தினர். 1935ஆம் ஆண்டிலே நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர்ப் பெரிய கட்டடம் அமைக்க ஊரார் திரண்டனர். சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். நூலகவியலறிஞர் இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைச் சிற்பக்கலைஞர் நரசிம்மன் திராவிட முறையிலே கட்டடத்தை வகுத்தார். சரசுவதியின் திருவுருவம் முன்றிலிலே விளங்க, 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆம் நாள் அது திறக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயல்களின்போது அந்நூலகம் எரிக்கப்பட்டது. அது விபத்தன்று, மனிதர் கைகள் வைத்த தீ. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. கல்லூரி மேன்மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியினால் உயிர்நீத்தார். அப்பொழுது எனக்குப் பதினொரு வயது. சில நாட் கழித்துத் தகப்பனார் என்னைச் சைக்கிளில் ஏற்றிச்சென்று காட்டினார். எங்கள் இருவர்க்கும் அதற்குமுன் அங்கே சிறுவர் பகுதிச் சீட்டு ஒன்று இருந்தது. "கொடுக்கவேண்டிய புத்தகம் ஒன்று உன்னிடம் இருக்கிறதல்லவா? அதைப் பத்திரமாய் வை" என்று மாத்திரம் அவர் சொன்னார். எரியாமல் எஞ்சிய நூல்களுள் எங்கள் வீட்டிலிருந்த அதுவும் ஒன்று. இரவல் போனபடியால் அது தப்பியது.

பின்னர் அக்கட்டடம் திருத்தப்பட்டு, 1984ஆம் ஆண்டிலே ஒரு பகுதி திறக்கப்பட்டு, போரினால் மீண்டும் சிதைந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது. இன்று எங்கள் மாணவர் அங்கே சென்று படிக்கின்றனர். ஆனால் கட்டடத்தை மீளக் கட்டலாம். எரிந்தவற்றுட் சிலவற்றை மீளப் பெறமுடியாது. இதனைச் சற்று நுணுகி நோக்குவோம். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அத்தீயோடு அழிந்துவிட்டது என்று சிலர் எழுதியுள்ளனர். அப்படியன்று. அங்கே இருந்த படி எரிந்திருக்கலாம், நூல் எரியவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. பிறிற்றோ என்பார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1879ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஆயிரம் படியுள்ள நூலின் ஒரு படி எரிந்தால் நூலுக்கு நட்டமில்லை. ஒரே படியாக இருந்த ஏடுகளும், கையெழுத்துப் படிகளும், பழைய பத்திரிகைக் கட்டுகளுமே என்றென்றைக்கும் போயின.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய என் பேரனாரின் ஏட்டுக்கதைக்கு வருகின்றேன். அது என் பூட்டனார் தம் கைப்பட எழுதிய வாகடம். குழந்தை நோய்களைப் பற்றியது. பிறர் ஏட்டில் இல்லாத அனுபவ முறைகளையும் அவர் இடையிடையே சேர்த்து எழுதியிருந்தாராம். நவராத்திரியிலே அதைப் பட்டுத்துணியில் வைத்துப் பூசிப்போம். எங்கள் பக்கத்தூர் வைத்தியர் ஒருவர் இரண்டு முறை வந்து, "அண்ணை, ஒரு மாதம் தாருங்கோ, எழுதிப்போட்டுக் கொண்டுவந்து தாறன்" என்று இரந்து கேட்டார். "வீட்டுச் சொத்து வீட்டைவிட்டுப் போகாது" என்று பேரனார் மறுத்துவிட்டார். அவர் அதனை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபொழுது, நாங்கள் நோயாளியான பாட்டியாரையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஏடு பரணிலே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபொழுது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பரணும் இல்லை.

அதே வீட்டில் என் தாயாரிடம் அவர் சிறுமியாய் இருந்தபோது படித்த நான்காம் பாலபாடம் ஒன்று இருந்தது. அட்டை கிழிந்த பழைய புத்தகம். அதை அவர் அயல்வீட்டு அக்காவுக்கு இரவல் கொடுத்திருந்தார். அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போகும்போது அதுவும் பெட்டியோடு போய்விட்டது. "இரவல் வாங்கின புத்தகத்தைத் தராமற் போய்விட்டாளே" என்று அம்மா பல நாள் குறைப்பட்டார். பதினெட்டு ஆண்டுகளின் பின் அந்த அக்கா அதனை நல்ல அட்டை போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் கையிலே கொடுத்தார். பூட்டிவைத்தது போயிற்று, கைவிட்டுப் போனது திரும்பி வந்தது. நான் இன்று கூறவந்தது முழுவதும் இவ்விரண்டு நூல்களின் கதையிலே அடங்கியிருக்கின்றது.

பரராசசேகரம் பரியாரிமார் படியெடுத்தமையால் வாழ்ந்தது. தம்பிரான் உரை யாரோ ஒருவர் எழுதி வைத்தமையால் வாழ்ந்தது. கலித்தொகை அச்சேறியமையால் வாழ்ந்தது. பொதுசன நூலகமே ஒரு சக்கடத்தார் இரவல் கொடுத்தமையாற் பிறந்தது. இவ்வூரின் நூற்செல்வம் ஒரு பெரிய மாளிகையிலே பூட்டப்பட்டிருந்த காலத்திலெல்லாம் ஆபத்துக்குள்ளாயிற்று. வீடுதோறும் பரவியிருந்த காலத்திலே தப்பிப் பிழைத்தது.

படியெடுத்தல் முன்னோர்க்கு மாதக்கணக்கான வேலை. நமக்கு அது நிமிடக்கணக்கான வேலை. 2005ஆம் ஆண்டிலே தன்னார்வத் தொண்டர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கிலே படமெடுத்து, உலகில் எங்கிருப்பவரும் விலையின்றி வாசிக்க வைத்திருக்கின்றது. இன்று ஒரு கட்டடம் எரிந்தாலும் அந்நூல்கள் எரியா. ஆனால் அவர்கள் கையிலே கொடுத்ததைத்தான் அவர்கள் படமெடுக்கலாம்.

ஆதலின் சென்ற தவணையிலே எங்கள் மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். "வீட்டிலே ஐம்பது வருடத்துக்கு முற்பட்ட எழுத்து எதுவாயினும் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு, ஒருநாள் மாத்திரம் கொண்டுவாருங்கள்" என்றேன். பழைய பாடசாலை மலர்கள் வந்தன. திருமண வாழ்த்துப்பாக்கள் வந்தன. அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கிய கல்வெட்டுப் புத்தகங்கள் வந்தன. மண்ணெண்ணெய் மணக்கும் ஒரு சோதிட ஏடும் வந்தது. அவற்றை ஆசிரியர் இருவர் கைத்தொலைபேசியாலே படமெடுத்து, அன்று பின்னேரமே உரியவரிடம் திருப்பிக் கொடுத்தனர். இது பெரிய காரியமன்று. எந்தப் பாடசாலையும் செய்யலாம்; எந்த வீடும் செய்யலாம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் என்ன இருக்கின்றது என்று இன்றிரவு ஒருமுறை பாருங்கள். கேட்டு வருவோர்க்கு மறுக்காதீர்கள். அடுத்த முறை அந்தத் தமிழாசிரியர் வந்தால், என் கடதாசியிலே ஆறாவது வரியாக எழுதிக் கொடுக்க எனக்கு ஓர் இடம் உண்டு. அது உங்கள் வீடு.